வெறும் வயிற்றுக்கு ஒரு மணி நேரம்

வடசென்னை டோல்கேட்டில் ஆண்கள் வாய்விட்டுச் சொல்லும் நோய்கள் சில உண்டு. சுகர், பிரஷர், முதுகுவலி, கல்லடைப்பு. மெட்ரோ பாலத்தை ஒட்டிய டீக்கடையில் நின்றபடி ஒருவர் தன் சர்க்கரை அளவைச் சொல்வார், அடுத்தவர் தன்னுடையதைச் சொல்வார். அதில் யாருக்கும் கூச்சமில்லை. தைராய்டு மட்டும் அந்தப் பேச்சில் வராது. அது வீட்டுப் பெண்களுக்கு வருவது, வந்தால் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது என்று எப்போதோ முடிவாகிவிட்டது. எனக்கு அது வந்தபோது வேலையிடத்தில் யாரிடமும் நான் சொல்லவில்லை. மாத்திரையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து விழுங்கினேன். அந்த மறைப்பு என் வைத்தியத்தையே பாதித்தது. அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் டாலி கிளார்க். துறைமுகத்திலிருந்து வரும் பெட்டியின் எண்ணையும் சீல் எண்ணையும் சரிபார்க்க வேண்டும். எங்கே அடி வாங்கியிருக்கிறது, எங்கே துரு பிடித்திருக்கிறது, கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று சுற்றிவந்து பார்த்து எழுத வேண்டும். எந்த நாட்டுப் பெட்டியானாலும் அதன்மேல் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். அந்த ஏழில் கடைசி இலக்கம் சோதனைக்கானது. முன்னால் உள்ளவை சரியா என்று அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பழகிய டாலி கிளார்க், பின்கதவில் எண்ணைப் படித்துவிட்டு, டிரைவரோடு இரண்டு வார்த்தை பேசி, கேபினுக்கு நடந்துவந்து நிதானமாக எழுதுவான். எண் மனதில் நிற்கும். எனக்கும் நின்றது. அடுத்தடுத்து நிற்கும் டிரெய்லர்களின் எண்களைச் சேர்த்துச் சுமந்துவந்து எழுதியிருக்கிறேன்.

அந்தத் திறமை மெல்ல மெல்லப் போயிற்று. முதலில் கேபின் வாசல்வரை வந்து கடைசி இரண்டு இலக்கம் மறந்தது. பிறகு பாதி வழியில். பிறகு கதவைவிட்டுத் திரும்பியதுமே எழுத்துகள் மட்டும் மிஞ்சின. கையிலேயே அட்டையை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கினேன். எனக்குப் பின்னால் டிரெய்லர்கள் ஹாரன் அடித்தன. நாற்பதைத் தாண்டியாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று நினைத்தேன். பயமாக இருந்தது. கணக்கு பிசகினால் எனக்கு வேறு தொழில் தெரியாது.

மூளை மந்தமானது ஒரு பக்கம். கத்திரி வெயிலில் வீட்டில் எல்லாரும் ஃபேனுக்கு அடியில் படுத்திருக்க, நான் போர்வை தேடினேன். கடற்கரை ஊரில் வியர்த்துக் கொட்டும் உடம்பு என்னுடையது; அது வியர்க்காமல் போய், முழங்கையிலும் கணுக்காலிலும் தோல் சாம்பல் பூத்து உரிந்தது. வாக்கிடாக்கியில் நான் பேசினால், 'யாருப்பா லைன்ல?' என்று பெட்டி தூக்கும் ரீச் ஸ்டாக்கர் ஓட்டுபவர் கேட்பார். குரல் அந்த அளவுக்குக் கரகரத்துக் கனத்துப்போயிருந்தது. மலச்சிக்கல், காலையில் வீங்கிய கண்ணிமை, படியேறினால் கால் கடுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தை நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன்: நைட் ஷிப்ட், தூசி, பரோட்டா.

ஒன்றுக்கு மட்டும் காரணம் சொல்ல முடியவில்லை. மனைவியிடம் எனக்கு இருந்த ஆசை இல்லாமல் போயிற்று. சண்டை இல்லை, கோபம் இல்லை, வெறுப்பு இல்லை. அந்த நினைப்பே எழவில்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். அவள் நெடுநாள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "என்னைப் பிடிக்காமப் போயிட்டுதாங்க?" என்றாள். இல்லை என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. சுரப்பி ஒன்று குறைந்துபோனால் ஆணுக்கும் இப்படி ஆகும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், அந்த ஒரு வாக்கியத்தையாவது அவளிடம் சொல்லியிருப்பேன். வேறொரு வீட்டில் வேறொருவன் இப்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கலாம். அவனுக்காகவே இதையும் எழுதுகிறேன்.

நோய் பிடிபட்டது கொழுப்பால். யார்டில் நடந்த மருத்துவ முகாமில் ரத்தம் எடுத்தார்கள். கொலஸ்ட்ரால் எக்கச்சக்கமாக இருந்தது. வந்திருந்த இளம் டாக்டர் கொழுப்பு மாத்திரை எழுதப்போனவர், பேனாவை வைத்துவிட்டு என் புருவத்தைப் பார்த்தார். இரண்டு புருவத்திலும் வெளி ஓரத்து முடி உதிர்ந்திருந்தது; நான் அதைக் கவனித்ததேயில்லை. நாடி பிடித்துப் பார்த்தார். மெதுவாக ஓடியது. முழங்கால் சில்லுக்குக் கீழே சுத்தியால் தட்டிப் பார்த்தார். "கொழுப்பு மாத்திரை அப்புறம் பாப்போம். முதல்ல டி.எஸ்.எச். பாத்துட்டு வாங்க" என்றார். தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு கரைவது குறையும், சிலருக்கு தைராய்டு மாத்திரையிலேயே அது இறங்கிவிடும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். முகாமுக்கு வந்த இடத்தில், வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போது புருவத்தைப் பார்த்த அந்தக் கண்ணுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

டி.எஸ்.எச். என்பது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பது. கழுத்தில் உள்ள தைராய்டை வேலை செய் என்று தூண்டுவது அது. தைராய்டு சோர்ந்தால் டி.எஸ்.எச். ஏறும். பொதுவாக 4, 5-க்குள் இருக்க வேண்டியது எனக்கு 28 இருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் சுரப்பியை அந்நியமாகக் கருதி அழிக்கும் நோய் எனக்கு. 1912-இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. உப்புதான் காரணம் என்று எங்கள் தெருவில் பலர் சொன்னார்கள். அதில் ஒரு பழைய உண்மை உண்டு. அயோடின் இல்லாத மண்ணில் கழலை வரும். இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் தொடங்கி மருத்துவர் ராமலிங்கசாமியும் உடனிருந்தவர்களும் நடத்திய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பால் கழலை குறையும் என்று காட்டியது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டமும் வந்தது. ஆனால் கடலோரத்தில் மீன் தின்று வளர்ந்த எனக்கு அயோடின் குறைவு இல்லை. உப்பை மாற்றியதால் என் சுரப்பி திரும்பி வரப்போவதுமில்லை.

ஆண்களுக்கு வராது என்பதும் சரியில்லை. 2013-இல் வெளியான ஓர் ஆய்வு சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்தது. சுமார் 11 சதவீதம் பேருக்கு தைராய்டு குறைவு இருந்தது. பெண்களில் ஏறக்குறைய 16 சதவீதம், ஆண்களில் 5 சதவீதம். இருபது ஆண்களில் ஒருவர் என்றால், எங்கள் யார்டில் ஒரு ஷிப்டில் நிற்கும் கூட்டத்திலேயே இரண்டு மூன்று பேருக்கு இருக்க வேண்டும். அப்போது வெளியே தெரியப்போனவன் நான் ஒருவன்தான். அதுவும் நானாகச் சொல்லி அல்ல. லுங்கிக்கு மாறும்போது கழற்றிப்போட்ட சட்டையிலிருந்து காகிதப் பொட்டலம் விழுந்தது. எடுத்துக் கொடுத்த பையன், "இன்னாண்ணே, என் பொண்டாட்டி போட்ற மாத்திர உங்க பாக்கெட்ல கீது?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டான். நான் "வீட்டுக்கு வாங்கினது" என்றேன்.

இனி மருந்தின் கதை. லெவோதைராக்சின். தைராநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் என்று பல பெயர்களில் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். சுரப்பி சுரக்காத ஹார்மோனையே செய்து மாத்திரையாக்கியது அது. உடம்புக்கு அது அயல் சரக்கு இல்லை. வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் 50 மைக்ரோகிராமில் தொடங்கினார்கள். சீட்டில் எழுதியிருந்தது, 'காலை, வெறும் வயிற்றில்'. அதை ஒரு நாளும் மீறாமல் சாப்பிட்டேன். ஆனால் டி.எஸ்.எச். இறங்க மறுத்தது. 75 ஆக்கினார்கள். பிறகு 100, 125, 150. ஒவ்வொரு முறையும் கிளினிக் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்ப்பார், அடுத்த எண்ணை எழுதுவார், அடுத்தவரைக் கூப்பிடுவார். உடம்பு கொஞ்சம் தேறுவதுபோல் தேறி, மறுபடி பழைய இடத்துக்கே வந்தது. மருந்துக்கே கட்டுப்படாத ஏதோ ஒன்று எனக்கு இருக்கிறது என்று ராத்திரிகளில் கண்விழித்து நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஒருவர் சொல்லி ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஓல்டு ஜெயில் ரோட்டில் இறங்கி, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று உள்ளே போனால், ஒரு பெண் டாக்டர் ரிப்போர்ட் கட்டைப் புரட்டிவிட்டு மூடி ஓரமாக வைத்தார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன்.

"நைட் ஷிப்ட் உண்டா?"

"ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட். காலைல எட்டுலேர்ந்து நைட்டு எட்டு, இல்ல நைட்டு எட்டுலேர்ந்து காலைல எட்டு."

"நைட்டுல என்னென்ன சாப்பிடுறீங்க, எத்தனை மணிக்கு? மாத்திரை எப்போ? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

சொல்லச் சொல்ல எனக்கே என் இரவு முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. எட்டு மணிக்கு உள்ளே போனால் பத்து மணிவரை ஏற்றுமதிப் பெட்டிகள் வெளியேறும். துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் வரிசை நீண்டிருந்தால் வண்டிகள் திரும்பி வருவது தாமதமாகும். வந்தால் எல்லாம் ஒன்றாக வரும். பன்னிரண்டரைக்கு டீ. மூன்று மணிக்குப் பசி குடலைப் பிடுங்கும். வெளியே கடையில் பரோட்டா, சால்னா. அது நெஞ்சை எரிக்கும். அதற்கு கேஸ் மாத்திரை ஒன்று, அதோடு ஆன்டாசிட் மருந்து ஒரு மூடி. ஐந்து மணிக்குத் தூக்கத்தை விரட்டப் பால் டீ. ஆறு மணிக்கு விடியும். விடிந்தால் காலைதானே? சட்டைப் பைக்குள் கைவிட்டு மாத்திரையை எடுத்து விழுங்குவேன். ஆறரைக்கு மறுபடி டீ.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. பேனாவால் மேசையில் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "காலைல சாப்பிடச் சொன்னாங்க, சாப்பிட்டீங்க. ஆனா அந்த நேரத்துல உங்க வயிறு காலி இல்லியே" என்றார்.

பிறகு விளக்கினார். இந்த மாத்திரை சிறுகுடலில்தான் ரத்தத்தில் சேர்கிறது. அதற்கு முன் இரைப்பையில் அது நன்றாகக் கரைய வேண்டும். கரைவதற்கு அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை அந்த அமிலத்தைக் குறைத்துவிடுகிறது. ஆன்டாசிட்டில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் மருந்தைப் பிடித்துக்கொண்டு விடாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் அப்படியே; அவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காபி, பால், சோயா எல்லாம் அதனதன் பங்குக்கு மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். நான் விழுங்கிய 150-இல் எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாள் கொஞ்சம், ஒரு நாள் அதிகம்.

"மாத்திரையை எங்க வெச்சிருக்கீங்க?"

சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினேன். பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். மாத்திரைகளின் ஓரம் பொடிந்திருந்தது. வெயிலும் ஈரமும் வெளிச்சமும் இந்த மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். தகரப் பெட்டிகளுக்கு நடுவே பகல் ஷிப்டில் நிற்பவனின் சட்டைப் பைக்கு அந்த மூன்றும் உண்டு. வந்த டப்பாவிலேயே, மூடி இறுக்கி, அடுப்புக்கும் ஜன்னலுக்கும் தள்ளி வீட்டில் வைக்கச் சொன்னார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு என்றேன். "அப்போ அலமாரியில கீழ்த்தட்டுல வைங்க. சமையலறை வேணாம்."

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு வைத்தியமாகப் பட்டது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் இரண்டு வாரத்தையும் இரண்டு கோடாகப் போட்டார். பகல் ஷிப்ட் வாரத்தில் இரவு பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறேன். நைட் வாரத்தில் காலை ஒன்பதுக்குச் சாப்பிட்டுப் படுத்து மாலை நான்கு மணிக்கு எழுகிறேன். இரண்டு கோட்டிலும் நீண்ட தூக்கம் முடியும் இடத்தில் வட்டம் போட்டார். "தூங்கி எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணியில மாத்திரை. மணி எதுவா இருந்தாலும் சரி. அப்புறம் ஒரு மணி நேரம் வயித்துக்குள்ள தண்ணியத் தவிர ஒண்ணும் போகக்கூடாது." கேஸ் மாத்திரை உண்மையிலேயே தேவையா என்று பார்த்து, மூன்று மணிப் பரோட்டாவை நிறுத்தினால் அதுவும் தானாக நின்றுவிடும் என்றார். நின்றது.

ஷிப்ட் மாறும் நாளில் ஒரு மாத்திரைக்கும் அடுத்ததற்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரமோ முப்பத்தாறு மணி நேரமோ ஆகுமே என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். உள்ளே போன தைராக்சின் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகும். ரத்தத்தில் அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவது. அரை நாள் முன்னே பின்னே ஆனால் உடம்புக்குத் தெரியாது. அளவை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்தே மறுபரிசோதனை செய்வதும் இதனால்தான். அதற்குள் ரத்தம் எடுத்தால் மருந்து இன்னும் சமநிலைக்கு வந்திருக்காது.

அந்த ஏழு நாள் கணக்குக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு மிக்ஜாம் புயலில்தான் முழுக்கப் புரிந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் அந்தப் புயல் வடசென்னையை மூழ்கடித்தது. எங்கள் தெருவில் தண்ணீர், கரண்ட் இல்லை, மெடிக்கல் ஷாப் ஷட்டர் மூடிக் கிடந்தது. எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த தண்ணீரே வந்துவிட்டது. என் டப்பா தீர்ந்திருந்தது. பழைய நானாக இருந்தால் அந்தத் தண்ணீரில் இறங்கி மாத்திரை தேடிப் போயிருப்பேன். சில நாள் விட்டுப்போனாலும் உள்ளே இருப்பது தாங்கும் என்று தெரிந்திருந்ததால், அம்மாவின் இன்சுலினுக்கு ஐஸ் எங்கே கிடைக்கும் என்று மட்டும் அலைந்தேன். தண்ணீர் வடிந்து கடை திறந்ததும் வழக்கம்போலத் தொடர்ந்தேன். இதைப் படித்துவிட்டு யாரும் வாரக்கணக்கில் நிறுத்திப் பார்க்க வேண்டாம். நாள்பட விட்டால், மெதுவாக இறங்குவதும் இறங்கத்தான் செய்யும். கர்ப்பிணிகள் ஒரு நாளும் விடக்கூடாது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு முதல் மாதங்களில் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம், அவர்களுக்கு அளவையே கூட்ட வேண்டியிருக்கும்.

புது நேரத்துக்கு மாறிய பிறகு நடந்தது ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 150 மைக்ரோகிராம் தடையில்லாமல் உள்ளே போகத் தொடங்கியது. முதலில் நன்றாக இருந்தது. பிறகு படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்தது. பேனா பிடித்த விரல் நடுங்கியது. எரிந்து விழுந்தேன். தூக்கம் போயிற்று. ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். கீழ் எல்லைக்கும் கீழே போயிருந்தது. டாக்டர் இதை எதிர்பார்த்தே சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார். அளவை 100 ஆகக் குறைத்தார். தைராக்சின் கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நாளடைவில் எலும்பும் மெலியும். உடம்பு இளைக்கும் என்று நினைத்து இதைக் கூடுதலாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது அந்தப் படபடப்பைத்தான். அந்த ராத்திரிகளில் எனக்கு மாரடைப்பு வரப்போகிறது என்றே மனைவி விழித்திருந்தாள்.

எண்கள் திரும்பி வந்தன. ஒரு நைட் ஷிப்டில், பின்கதவில் படித்த எண்ணை அட்டையில் எழுதாமலே கேபின்வரை கொண்டுவந்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். சோதனை இலக்கம் பொருந்தியது. வீட்டிலும் திரும்ப வேண்டியது திரும்பியது. அதற்கு மாத்திரை மட்டும் போதவில்லை. மனைவியிடம் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. சுரப்பி, ஹார்மோன், ஸ்டான்லி டாக்டர் போட்ட கோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அப்ப எம்மேல ஒண்ணும் இல்ல" என்றாள். அத்தனை காலம் அவள் அதைத் தன் குறையாகச் சுமந்திருக்கிறாள்.

வாழ்நாள் முழுக்க மாத்திரையா என்ற கசப்பு எனக்கும் இருந்தது. மல்லி விதை ஊறிய தண்ணீர் குடி, முட்டைக்கோஸைத் தொடாதே, மூன்று மாதத்தில் மாத்திரையை விட்டுவிடலாம் என்று போனில் வரும் வீடியோக்களையும் பார்த்திருக்கிறேன். ஹாஷிமோட்டோவில் அழிந்த சுரப்பியை எந்தத் தண்ணீரும் திரும்பக் கட்டாது. அந்தக் கசப்பை ஆற்றியது ஒரு பழைய வரலாறு. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு வற்றி உடம்பு ஊதி மந்தமாகிப்போன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் தேறினார். பிறகு அதே சாற்றை வாய்வழியாக எடுத்துக்கொண்டு 28 ஆண்டுகள் வாழ்ந்து, 74-ஆவது வயதில் இறந்தார். அந்த ஆயுளுக்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. ஆடு அறுக்கும் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியைப் பார்த்து வளர்ந்தவன் நான். 870 ஆடு என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். 1914-இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டால் டன் கணக்கான பன்றிச் சுரப்பிகளிலிருந்து தைராக்சினைப் பிரித்தெடுத்தார். 1927-இல் சார்லஸ் ஹாரிங்டனும் ஜார்ஜ் பார்ஜரும் அதை ஆய்வகத்திலேயே உண்டாக்கினார்கள்.

இப்போது என் பங்கு ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம். ஒரு கிராமை வைத்து என்னை 10,000 நாள் ஓட்டலாம். 27 ஆண்டுக்கு மேல் வரும். காதுத் தோட்டில் இருக்கும் ஒரு கிராம் பொன் அளவு. மருந்து அத்தியாவசியப் பட்டியலில் இருப்பதால் விலைக்கும் உச்சவரம்பு உண்டு. ஒரு நாள் மாத்திரைக்கு ஆகும் காசு டீக்கடையில் ஒரு டீக்குப் போதாது. இதைவிட மலிவாக ஒரு மனிதனுக்கு அவனுடைய புத்தியையும் குரலையும் திருப்பித் தரும் பொருள் வேறொன்றும் எனக்குத் தெரியாது.

என் ஆதங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. எண்ணூரிலிருந்து ராயபுரம்வரை பாதிப் பேர் ஷிப்டில் வாழ்கிறவர்கள். டயர் கம்பெனி, சுத்திகரிப்பு ஆலை, யார்டு, காசிமேட்டில் விடிவதற்கு முன்பே மீன் ஏலத்துக்குப் போகும் பெண்கள். இவர்கள் எல்லாருக்கும் சீட்டில் ஒரே வரிதான் எழுதப்படுகிறது. டி.எஸ்.எச். இறங்கவில்லை என்றால் மில்லிகிராம் மைக்ரோகிராமைப் பார்ப்பதற்கு முன், எப்போது தூங்குகிறாய், எப்போது தின்கிறாய் என்று கேட்க அரை நிமிடம் போதும். படுக்கப்போகும் முன் சாப்பிடும் முறையும் உண்டு. நெதர்லாந்தில் 2010-இல் வெளியான ஆய்வில் இரவில் எடுத்தவர்களுக்கு ஹார்மோன் அளவு இன்னும் நன்றாகவே இருந்தது. கடைசிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். வழிகள் இருக்கின்றன. கேட்காமல் தெரியாது. நாமும் வாயைத் திறந்து சொல்லாமல் அவர்களுக்குத் தெரியாது.

நான் இப்போது சொல்கிறேன். டப்பா வீட்டு அலமாரியில் இருக்கிறது, பேச்சு டீக்கடையில் நடக்கிறது. அப்படிப் பேசியதில் ஒரு டிரெய்லர் டிரைவர் தம்பி தனியாக வந்து நின்றான். அவனுக்கும் தைராய்டு. ஆனால் அவனுக்கு நீண்ட தூக்கம் என்று ஒன்று கிடையாது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் ஜீரோ கேட்டுக்கும் நடுவே கேபினிலேயே இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று துண்டு துண்டாகத் தூங்குகிறான். வரிசை நகர்ந்தால் எழுந்துவிட வேண்டும். "எனக்கு எந்த நேரத்துல அண்ணே வட்டம் போடுவாங்க?" என்றான். என்னிடம் பதில் இல்லை. என் டாக்டரிடமே கூட்டிப்போனேன். தினமும் ஒழுங்காக எடுக்கவே முடியாதவர்களுக்கு, இதயக் கோளாறு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, வாரத்துக்குரிய மொத்த அளவை ஒரே நாளில் மேற்பார்வையோடு கொடுக்கும் முறை உண்டு என்றார். தானாகச் செய்யவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். இ.சி.ஜி. எடுத்தாகிவிட்டது. அவனுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை ஓ.பி. கிடையாது என்பதால் வேறு கிழமைக்கு அவன் ஓனரிடம் பேச வேண்டியிருக்கிறது. அந்த போனை நான் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.